எழுத்தில்லாத வீட்டின் சாவி

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக் கண்ட்ரோல் ஆபீசர் முன்னால் நின்று வீட்டை மீட்டவள் எங்கள் அம்மா என்று என் பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அன்றைக்கு என் வாயிலிருந்து உருப்படியாக வந்தது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் தொண்டையில் பாதி சிக்கிக்கொண்டது. வீட்டை மீட்டது வேறொருத்தி. அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யுத்த காலம் அது. மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வளவில் குடியிருந்தோம். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி ஐந்து வீடுகள், அதுதான் வளவு. முன்பக்கத்துப் பெரிய வீட்டில் வளவுக்காரர் இருந்தார். பருத்திக்கொட்டை வியாபாரி. அவர் வாசற்படிக்கும் எங்கள் வாசற்படிக்கும் நடுவே இருபது அடிதான் இருக்கும். எங்கள் வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். என் கணவருக்கு மில்லில் பகல் ஷிப்டு. விடிய மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள்.

அந்த வீட்டுக்கு எழுத்து எதுவும் கிடையாது. எங்களை அங்கே குடிவைத்தது எங்கள் அய்யா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சோழவந்தானில் அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால். எனக்குக் கல்யாணம் ஆன மறுமாதம், வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்த தாம்பாளத்தோடு வளவுக்காரர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எம் மக இங்கனதான் குடியிருக்கணும்" என்றார்.

"அதுக்கென்னய்யா, எனக்குத் தங்கச்சி மாதிரி. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் வளவுக்காரர். தாம்பாளம் கை மாறியது. அதுதான் பத்திரம். சீட்டு ஏதாவது எழுதிக்கொள்ளலாமா மாமா என்று என் கணவர் வெளியே வந்து மெதுவாகக் கேட்டதற்கு, "சீட்டு கேட்டா நம்பலேன்னு அர்த்தம்ல மாப்ள" என்று அய்யா சிரித்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் மாதம் பிறந்ததும் வாடகையைக் கையில் கொடுத்தோம், அவர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். ரசீது என்ற பேச்சே அந்த வளவுக்குள் நுழைந்ததில்லை. அய்யா மதுரைக்கு வரும்போதெல்லாம் வளவுக்காரருக்கு ஒரு கவுளி இளம் வெற்றிலை கொண்டுவந்து கொடுப்பார்.

இன்னொரு வழக்கமும் அந்த வளவில் இருந்தது. யார் ஊருக்குப் போனாலும் வீட்டைப் பூட்டி, சாவியை வளவுக்காரர் மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். பிள்ளை இல்லாதவள். ஆள் இல்லாத வீட்டு வாசலில் அவளே தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கதவைத் திறந்து ஒரு திரி ஏற்றி வைப்பாள். வளவில் ஒரு வீடு இருண்டு கிடந்தாலும் மற்ற வீடுகளுக்கும் ஆகாது என்று அவள் எண்ணம். சாவியைக் கேட்க மாட்டாள், நாமும் எதுவும் சொல்ல மாட்டோம். கையை நீட்டினால் வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். என் பிரசவத்துக்குச் சோழவந்தான் போனபோது மூன்று மாதம் எங்கள் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அடுப்படியில் ஒரு ஒட்டடைகூட இல்லை.

அப்புறம் பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று புரளி கிளம்பியது. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தெற்கே வந்து இறங்கினார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் வேறு. மாட்டுக் கொட்டடிக்கெல்லாம் வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு மாதப் பிறப்பன்று, என் கணவர் வாடகையை நீட்ட, வளவுக்காரர் கையை நீட்டவில்லை.

"இருக்கட்டும் தம்பி, அப்புறமா வாங்கிக்கிறேன்" என்றார், சிரித்த முகமாக.

என் கணவர் வெள்ளந்தி. மனுஷனுக்கு என்ன தாராளம் பார்த்தாயா என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்கிற வியாபாரியைத்தான் எனக்குத் தெரியும். வேண்டாம் என்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. அடுத்த மாதமும் அதே சிரிப்பு, அதே பேச்சு. பக்கத்து வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா குடியிருந்தார். பொடி போடுவதற்கு ஒரு தடவை, தும்முவதற்கு ஒரு தடவை என்று பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன். பொடி மட்டையை மூடி வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

"அது தாராளம் இல்ல தங்கச்சி. நாலு மாசம் கழிச்சு வாடகையே தரலன்னு எழுதிப் போடுவாரு. உங்க கையில ரசீது இருக்கா?"

"எங்களுக்கு வீட்டுக்கே சீட்டு கிடையாதுண்ணே."

"எனக்கு மட்டும் இருக்காக்கும்?" என்றார். பிறகு விளக்கிச் சொன்னார். இப்போது சர்க்கார் உத்தரவு ஒன்று இருக்கிறது. எழுத்து இல்லாவிட்டாலும், வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர்களை ஆபீசர் உத்தரவு இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்ப வேண்டும். "ஆனா ஒண்ணு. நீங்க உள்ள இருக்கிறதுதான் உங்களுக்குப் பத்திரம். நீங்களா சாவியக் குடுத்துட்டா, காலி பண்ணிட்டாகன்னு ஆயிரும். அதுக்கப்புறம் எந்த உத்தரவும் ஒண்ணும் செய்யாது. சாவி கை மாறக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து அந்தச் சாவியை நான் இடுப்பை விட்டு எடுக்கவில்லை. அய்யா திண்டுக்கல்லில் வாங்கிக் கொடுத்த மாங்காய்ப் பூட்டின் சாவி அது. குளிக்கும்போதுகூடக் கழுத்தில் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டேன்.

மணியார்டர் அனுப்பினோம். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட பணம் தபாலாபீசுக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு, தபால்காரர் பையில் ஏறி, அதே வளவு வாசலுக்குள் வந்து இருபது அடி தள்ளியிருந்த வீட்டுக் கதவைத் தட்டியது. வளவுக்காரர் வாங்க மறுத்துவிட்டார். தபால்காரர் அப்படியே இருபது அடி நடந்து வந்து எங்களிடம் திருப்பிக் கொடுத்தார். வளவுக்காரர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை.

சித்திரை மாதம் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். வளவு முழுக்க விடியற்காலையிலேயே வைகைக்குப் போய்விட்டது. மதுரையில் இருந்துகொண்டு அழகரைப் பார்க்காமல் இருந்த வருஷம் எனக்கு அதுவரை இல்லை. மகளை இவர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போகட்டும் என்றால், அன்றைக்கென்று அவளுக்குக் காய்ச்சல். "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று அவரை அனுப்பிவிட்டு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

வெயில் ஏறிய நேரம். வளவில் காக்கைச் சத்தம் மட்டும்தான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர். வளவுக்காரர் குரல்.

"இதுதான் வீடு. சின்னதுதான், ஆனா கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி."

ஒரு பெண் குரல், பட்டணத்துப் பேச்சு: "இப்போ ஆள் இருக்காங்களா?"

"இருக்காக. ஊரோட போயிருவாக, இன்னும் ஒரு மாசம். இப்ப எல்லாம் அழகர் பாக்கப் போயிருக்காக."

சன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம் வந்து நின்றது. வெளி வெயிலில் இருந்து பார்த்ததால் உள்ளே இருட்டில் நான் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் அடுப்பையும், என் பானைகளையும், கொடியில் கிடந்த என் சேலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் மகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். காய்ச்சல் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. என் வீட்டுக்குள் நான் ஏன் திருடி மாதிரி ஒளிந்துகொண்டிருக்கிறேன், எழுந்து நின்று யார் நீங்கள் என்று கேட்டால் என்ன என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை.

பூட்டு தொங்கவில்லை என்பதை வளவுக்காரர் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். நாதாங்கியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். கதவு அதிர்ந்தது. உள்தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. ஆள் உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் கூப்பிடவில்லை, நானும் குரல் கொடுக்கவில்லை. ஒரு பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்து போனது. நான் கையை எடுத்தபோது மகள் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

அதற்கப்புறம் நான் வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். கோயிலுக்குப் போவதில்லை. காய்கறி வாசலில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் புளித்தண்ணிக் குழம்பு. தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனால் முதுகைக் கிணற்றுக்கும் முகத்தை என் வாசலுக்கும் வைத்துக்கொண்டு இறைப்பேன். அக்கா பார்த்துவிட்டு, "அடியே, கெணத்துக்குள்ள விழுந்துறாத" என்று கேலி செய்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் அவர் கடைக்குப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு வரும்.

அய்யாவிடம் சொன்னோம். அவர் வந்து வளவுக்காரரிடம் பேசினார். "நீங்க சொன்ன வார்த்தை தம்பி" என்று அய்யா ஞாபகப்படுத்தியதற்கு, "நான் இல்லேன்னா சொன்னேன்?" என்றாராம். அய்யாவுக்கு அது போதுமாக இருந்தது. வெற்றிலைக் கவுளியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போனார்.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. சோழவந்தானிலிருந்து கொடிக்கால் ஆள் ஒருத்தர் வந்து வாசலில் நின்றார். துண்டைத் தலையில் கட்டியிருந்தவர் என்னைப் பார்த்ததும் அவிழ்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. அய்யா கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே வரப்பில் சாய்ந்துவிட்டாராம்.

"நீ ரயிலுக்கு ஓடுத்தா, நான் மில்லுக்குப் போயி மாப்பிள்ளைக்குச் சொல்லிப்புட்டு வாரேன்" என்றார்.

குமாஸ்தா கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் மகளைத் தூக்கினேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டே வாசலுக்கு ஓடினேன். அக்கா எதிரே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். என் கை தானாக நீண்டது. அவள் கை தானாக வாங்கியது. ஆறு வருஷப் பழக்கம். அவ்வளவுதான் நடந்தது.

ரயில் சமயநல்லூர் தாண்டும்போது இடுப்பைத் தொட்டேன். சாவி இல்லை.

அந்த நிமிஷத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்த அம்மாள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கள் பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சி அய்யா. அவரும் இல்லை. உள்ளே ஆள் இருப்பதுதான் பத்திரம் என்றார்கள். ஆளும் இல்லை. சாவியை நானே என் கையால் கொடுத்துவிட்டேன். செத்த வீட்டுக்குப் போய் அய்யா காலைக் கட்டிக்கொண்டு நான் கதறியதைப் பார்த்து, மகளுக்கு அப்பன் மேல் எம்புட்டுப் பாசம் என்று சொந்தக்காரப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் அழுத அழுகையில் பாதி சாவிக்காக. பாதிக்கு மேலேயும் இருக்கலாம். இது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் தாண்டி என் கணவர் வந்தார். பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குப் போனீகளா?" என்பதுதான்.

"இல்ல, மில்லுல இருந்து நேரா வாரேன். ஏன்?"

சொன்னேன். அய்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூத்த மருமகன், எடுக்கும் முன்னால் கிளம்ப முடியாது. மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்து, சொந்தங்களைக் கவனித்து, சனிக்கிழமை காலையில்தான் மதுரைக்குப் போனார். அங்கே எங்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்ததாம். உள்ளே இரண்டு பேர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சாமான் எல்லாம் பின்னால் மாட்டுக் கொட்டடியில். "உங்க சம்சாரம்தான் சாவியக் குடுத்துட்டுப் போச்சு தம்பி. காலி பண்றவுகதான் சாவியக் குடுப்பாக" என்று வளவுக்காரர் சொன்னார். இவர் கத்தினார். கடை ஆட்கள் வந்து நின்றதும் அடங்கிவிட்டார்.

குமாஸ்தா அன்றைக்கே மனு எழுதி, மனுவோடு திரும்பி வந்த மணியார்டர் தாளையும் சேர்த்து ஆபீசில் கொடுத்தார். தலையிலும் அடித்துக்கொண்டாராம். "தங்கச்சிகிட்ட அம்புட்டுச் சொன்னேனே" என்று.

ஒன்பதாம் நாள் ஆபீசர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பதினாறு முடியாமல் கிளம்பாதே என்று என்னைப் பெற்ற ஆத்தா சொன்னாள்; கேட்கவில்லை, கிளம்பினேன். மாட்டுக் கொட்டடியில் என் கல்யாணப் பெட்டியின் மேல் ஒரு கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. என் அரிசிப் பானையில் வைக்கோல். ஒரு வீடு என்பது இவ்வளவு சின்னக் குவியலா என்று திகைத்துப்போனேன். இன்றைக்கு இந்த ஆபீசர் தலையை ஆட்டிவிட்டால் இந்தக் குவியலைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது? யுத்த காலத்து மதுரையில் மில்காரனுக்கு எவன் வீடு கொடுப்பான்? மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ஆபீசர் தெலுங்குச் சீமைக்காரர். குடையும், காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பியூனுமாக வந்தார். தமிழைப் புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரி பேசினார். கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வளவுக்காரர் எல்லாவற்றையும் பணிவாகச் சொன்னார். குடியிருந்தது நிஜம். காலி செய்துவிட்டது அதைவிட நிஜம். சாவியைத் தானாகக் கொடுத்தார்கள்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "சாவியை நீதான் கொடுத்தாயா?"

தலையை ஆட்டினேன். ஆட்டியதும் வளவுக்காரர் முகம் தெளிந்தது. குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் கொடுத்தாய்?"

என்னவென்று சொல்வேன்? அய்யா செத்துப்போனார் என்பதா, ஆறு வருஷமாக இப்படித்தான் என்பதா, எல்லா வீட்டுச் சாவியும் அவளிடம்தான் போகும் என்பதா? எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு வந்து அடைத்துக்கொண்டது. "வெளக்கு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. என் பிள்ளைகள் பெருமைப்படுகிற பேச்சு அதுதான்.

"விளக்கா? என்ன விளக்கு?" என்று ஆபீசர் குமாஸ்தாவைப் பார்த்தார். அவர் வழக்கத்தை விளக்க வாயெடுத்தார். வளவுக்காரர், அதெல்லாம் சும்மா கதை எசமான் என்றார். ஆபீசர் கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினார். சாவியை வாங்கியவர் யார் என்று கேட்டார். பெரிய வீட்டுக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். சேலைத் தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்மா, சாவி கொடுக்கும்போது இந்தப் பெண் என்ன சொன்னாள்?"

வளவுக்காரர் கதவைப் பார்த்தார். மாடு வாலை ஆட்டுகிற சத்தம் கேட்டது. பொய் சொல்லிவிடுவாள், சொல்லாமல் என்ன செய்வாள், அந்த வீட்டில்தானே அவள் சோறு தின்ன வேண்டும் என்று நினைத்தேன். அவள் மேல் கோபம்கூட வரவில்லை.

"ஒண்ணுஞ் சொல்லல" என்றாள் அக்கா கதவுக்குப் பின்னால் இருந்து. "அவுக அய்யா செத்துட்டாருன்னு அழுதா. சாவிய நீட்டுனா. வாங்கிக்கிட்டேன்."

"பிறகு?"

"மறுநா ஆடி வெள்ளி. கட்டிக்குடுத்த பொண்ணு வீட்டுக்குத் தீட்டு இல்லீங்க. தொறந்து வெளக்கு ஏத்துனேன்."

"எங்கே ஏற்றினீர்கள்?"

"அவ வீட்டுலதான். அவ வெளக்குல, அவ எண்ணெயத்தான் ஊத்தி."

"ஏய்!" என்று வளவுக்காரர் அதட்டினார். சேலைத் தலைப்பு உள்ளே போய்விட்டது. ஆபீசர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு வளவுக்காரரிடம், "வெள்ளிக்கிழமை அவர்கள் விளக்கும் எண்ணெயும் அந்த வீட்டில் இருந்திருக்கின்றன. உங்கள் மனைவி அவர்களுக்காக ஏற்றியிருக்கிறார். காலி செய்தவர்களுக்காக யாராவது விளக்கு ஏற்றுவார்களா?" என்று கேட்டார். அன்று சாயந்திரத்துக்குள் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உத்தரவு இல்லாமல் இனி வெளியேற்றக் கூடாது, வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். எல்லாம் முடிந்ததும் குமாஸ்தா இரண்டு சிட்டிகைப் பொடியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு தும்மித் தீர்த்தார்.

சாமானை உள்ளே கொண்டுவந்து வைத்தோம். சுண்ணாம்பு வாசனை அடித்த வீட்டில் அன்றைக்கு உலை வைத்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா கிணற்றடிக்கு வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "கதவு இடிச்சிருச்சுடி" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் வரவில்லை. வளவில் யாரும் அவளிடம் சாவி கொடுக்கவும் இல்லை. குமாஸ்தா ஒவ்வொரு வீடாகப் போய் எச்சரித்துவிட்டார். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் யாரையாவது காவல் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பயம் போய்விடும் என்று நினைத்தேன். உத்தரவுத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆனாலும் நாதாங்கிச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. தோற்ற மனுஷன் சும்மா இருப்பானா, வேறு எந்த வழியில் வருவான் என்று யோசித்து யோசித்து நானே புதுப் புது வழிகளைக் கண்டுபிடித்தேன். வளவுக்காரருக்குக்கூட அத்தனை வழி தோன்றியிருக்காது.

ஐப்பசி அடைமழை. ஒரு புதன்கிழமை மத்தியானம். பெரிய வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அக்காவின் அம்மா திருமங்கலத்தில் தவறிவிட்டாள். ஜட்கா வண்டி வந்து வாசலில் நின்றது. வளவுக்காரர் குடையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா பெரிய வீட்டுக் கதவைப் பூட்டினாள். நேராக மழையில் நனைந்துகொண்டு என் வாசலுக்கு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. "அடியே, எங்கம்மா போயிட்டாளே" என்று அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். பெரிய வீட்டுச் சாவி.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. கடை ஆள் பின்கட்டில் படுத்துக்கொள்வான், ஆண்பிள்ளை விளக்கேற்ற மாட்டான். என்னிடம் வந்தாள்.

நான் சாவியைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஜட்காவில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வளவுக்காரரைப் பார்த்தேன். இந்தச் சாவி என் கைக்கு வந்த பிறகு பெட்டியில் நகையைக் காணோம் என்று அந்த மனுஷன் சொன்னால்? போலீஸ் வந்தால்? எந்த உத்தரவு என்னைக் காப்பாற்றும்? ஒரு நொடியில் இவ்வளவும் என் தலைக்குள் ஓடியது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

அவள் அழுகை நின்றுவிட்டது. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, சாவி மேல் மழைத்தண்ணீர் சொட்டியது. பிறகு என்னைப் பார்த்து, "சரித்தா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய் ஜட்காவில் ஏறினாள்.

பதினாறு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். நடுவில் மூன்று வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு வெள்ளியும் சாயந்திரம் நான் என் விளக்கை ஏற்றிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசல்வரை வந்து நின்றேன். எதிரே பெரிய வீடு இருண்டு கிடந்தது. வாசலில் கோலம் இல்லை. சாவி இல்லாவிட்டால் என்ன, அவள் வாசற்படியில் ஓர் அகலாவது வைத்திருக்கலாம். இருபது அடிதான். நான் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.